ஜெயா அக்காவின் முயல் உரம்

பாண்டியம்மா அக்கா, இந்தத் தாளை முதலில் நீங்கள் மட்டும் படியுங்கள். யாரிடமும் காட்டாதீர்கள், உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். ஜெயா அக்காவின் முப்பதாம் நாளில் மில் ஆட்கள் முன்னால் வாசிக்க ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதித் தந்தேன். அன்பானவர், உழைப்பாளி, சிரித்த முகம் என்றெல்லாம் அதில் இருக்கிறது. நன்றாக இருக்கிறது என்று நீங்களும் சொன்னீர்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் நான் அவருக்குச் செய்தது அதில் இல்லை. அதனால் இரண்டாவது தடவை எழுதுகிறேன். கூடத்தில் யாராவது நடந்தால் கேட்க வேண்டும் என்று ஃபேனை நிறுத்தியிருக்கிறேன். கை வியர்த்து எழுத்து கலைந்திருந்தால் மன்னியுங்கள்.

செய்தி வந்தபோது நான் மாடியில் கொத்தமல்லிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். அம்மா படியில் பாதி ஏறி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மதுரையிலருந்து போன் வந்துச்சு பாப்பா. ஜெயா செத்துப்போச்சாம்" என்றார். காய்ச்சல் என்று மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய் ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. முப்பத்தைந்து வயது. குவளையில் மிச்சமிருந்த தண்ணீரையும் நான் தெளித்து முடித்தேன். முதலில் எனக்கு அழுகை வரவில்லை. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை என்று ஒரு நிம்மதிதான் வந்தது. அழுகை பிறகுதான் வந்தது. அந்த நிம்மதியை நினைத்துத்தான் இத்தனை நாளாகத் தூக்கம் இல்லை.

உங்களுக்கு அவரை மில் வேனில் தெரியும். எனக்கு மாடியில் தெரியும். எங்கள் வீட்டு மாடி அறையில் நான்கு வருடம் குடியிருந்தார். தனியாக ஒரு பெண் குடிவந்தால் தெருவில் கேட்காமல் இருப்பார்களா? "வீட்டுக்காரரு இல்லையாம்மா?" என்று எதிர்வீட்டு அம்மா கேட்டதற்கு, "இருக்காரும்மா, நல்லாத்தான் இருக்காரு. வேற வீட்டுல இருக்காரு" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறிவிட்டார். அந்தக் கேள்வியை அதன் பிறகு ஒருவரும் கேட்கவில்லை.

இரண்டு முயலோடு வந்தவரிடம் போன வருடம் பதினொரு முயல்கள் இருந்தன. கம்பிக் கூண்டுக்குக் கீழே தகரத் தட்டு. புழுக்கையும் மூத்திரமும் அதில் விழும். அதைத்தான் உரமாக்கினோம். ஆட்டுப் புழுக்கையைப் போல முயல் புழுக்கை சூடு இல்லை, அப்படியே போட்டாலும் செடி கருகாது. ஆனால் மூத்திரம் சேர்ந்தால் காரம். அதனால் துளை போட்ட இரண்டு நீல டிரம்களில் ஒரு பங்கு புழுக்கைக்கு இரண்டு பங்கு காய்ந்த இலையும் தென்னை நார்க்கழிவும் போட்டு, புளித்த மோர் தெளித்து, வாரம் ஒரு முறை கிளறிவிட வேண்டும். ஷிப்டு முடிந்து அவரும் பள்ளிக்கூடம் விட்டு நானும் வந்ததும் இதுதான் வேலை. என் பாடப்புத்தகத்தில் நைட்ரஜனைப் பற்றி இருந்ததை ஒரு நாள் வாசித்துக் காட்டினேன். "அது பேரு என்னமும் இருக்கட்டும். மூக்குல ஏறுதா இல்லையா, அதச் சொல்லு" என்றார். ஏறுகிறது என்றேன். "அப்ப இன்னும் ரெண்டு கை சருகு போடு. உங்க புஸ்தகத்துலயும் எழுதிக்க."

ஈரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பிடி அள்ளிப் பிடிப்பார். "புட்டு மாவு பதம் இருக்கணும் புள்ள. பிடிச்சா நிக்கணும், தட்டுனா உதிரணும்" என்பார். முகர்ந்து பார்த்துவிட்டு என் மூக்கருகிலும் நீட்டுவார். வாசனை வருகிறது என்று எங்கள் அப்பா கீழேயிருந்து எப்போதாவது சத்தம் போட்டால், "தோல் பதனிடுற ஷாப்பு நாத்தத்தையே தாங்குன ஊரு, என் முயலுக்கா மயங்கி விழுகப்போகுது?" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்வார். உண்மையில் வாசனையே இருக்காது. அப்பா சுத்தம் பார்ப்பவர். இல்லாத அழுக்கும் அவர் கண்ணுக்குத் தெரியும்.

ஐப்பசி மழையில்தான் அது நடந்தது. ஜெயா அக்கா தன் அம்மாவைப் பார்க்க நத்தம் பக்கம் மூன்று நாள் போயிருந்தார். முயலுக்கு இலை போடவும் தட்டை வழிக்கவும் என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஜிலேபி மீன். அம்மா மீன் கழிவைப் பையில் கட்டி, தெருமுனைத் தொட்டியில் போட்டுவிட்டு வரச் சொன்னார். அங்கே எப்போதும் நான்கைந்து நாய்கள் நிற்கும். அன்று அவை என் பையைப் பார்த்து எழுந்து வந்தன. நான் பாதியிலேயே திரும்பி ஓடிவந்துவிட்டேன். பையோடு வீட்டுக்குள் போனால் திட்டு விழும். நேராக மாடிக்குப் போய், ஒரு டிரம்மைத் திறந்து, தலையும் செதிலும் குடலுமாக அதில் கொட்டி, தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டேன். எல்லாமே மக்கும் பொருள்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டாம் நாள் நாற்றம் ஆரம்பித்தது. மூன்றாம் நாள் தெருவில் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். ஜெயா அக்கா வந்து பையைக்கூட இறக்கி வைக்கவில்லை, அப்பா மாடிக்குக் கூட்டிப்போய்விட்டார். நான் பின்னால் நின்றேன். அக்கா தார்ப்பாயை விலக்கிக் கம்பால் ஒரு கிளறு கிளறினார். மீன் தலை ஒன்று மேலே வந்தது. அப்பா அந்த நேரத்தில் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறுபக்கம் திரும்பியிருந்தார். அக்கா பார்த்துவிட்டார். அதைக் கம்பால் உள்ளே அழுத்தினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்னம்மா ஜெயா, மனுசன் குடியிருக்க வேணாமா?" என்று அப்பா கத்தினார்.

"நான்தாண்ணே. ஈரத்தப் பாக்காம மூடிப்புட்டுப் போயிட்டேன்."

"இதுக்குத்தான் அன்னைக்கே சொன்னேன். ரெண்டு நாளைக்குள்ள முயலு ஒண்ணு இங்க இருக்கக் கூடாது."

"சரிண்ணே."

அவ்வளவுதான் பேச்சு. நான் வாயைத் திறக்கவில்லை. எங்கள் அப்பா அடிக்க மாட்டார் அக்கா. பேசாமல் இருந்துவிடுவார். இதே தெருவில் ஆறு வீடு தள்ளி இருக்கும் சித்தப்பாவோடு அவர் பேசி எட்டு வருடம் ஆகிறது. எதிரே வந்தால்கூட ஆள் இல்லாத மாதிரிக் கடந்துபோவார். அப்படி என்னையும் கடந்துபோய்விடுவாரோ என்று பயந்தேன்.

முயல்களை வாங்கிக்கொள்ள தாடிக்கொம்பில் ஒரு அம்மா சம்மதித்தார். அட்டைப்பெட்டிகளில் துளை போட்டு ஆட்டோவில் ஏற்றினோம். கடைசிப் பெட்டியை நான்தான் தூக்கி வந்தேன். உள்ளே அவை காலால் பிராண்டுவது என் நெஞ்சில் இடித்தது. ஆட்டோக்காரர், "என்னக்கா, பிரியாணியா?" என்று கேட்டார். "உன்னையப் போட்டா இன்னுங் கொஞ்சம் கறி தேறும், வண்டிய எடுப்பா" என்றார் அக்கா. அவர் சிரிக்கிறார் என்று நினைத்து நிமிர்ந்தேன். சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் மாடிக்குப் போய் அழுதேன். "அக்கா, அந்த மீனு…" என்று ஆரம்பித்தேன்.

"தலையெல்லாம் பொறுக்கிக் காக்காவுக்குப் போட்டாச்சு. மூக்கச் சிந்திட்டு வந்து இந்த டிரம்மப் பிடி" என்றார்.

"அப்பாகிட்ட ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா உன்னைய மாடிக்கு விடுவாரா? முயலும் போயி நீயும் போயிட்டா, நான் ஒத்தையில சுவத்துகிட்டயா பேசுறது?"

அந்தக் கெட்ட டிரம்மைக் கொட்டிவிடலாம் என்றேன். அக்கா விடவில்லை. "நாறுனா மூடாத. வெயில்ல பரப்பிப் போடு" என்றார். மாடி முழுக்க உதறிப் பரப்பினோம். பார்க்க அருவருப்பாக இருந்தது. புழுக்கள் நெளிந்தன. ஒரு நாள் காய்ந்தபின் சருகும் பழைய தொட்டி மண்ணும் கலந்து மறுபடி ஏற்றினோம். வாரத்துக்கு இரண்டு தடவை கிளறினோம். கார்த்திகையில் டிரம்முக்குள் சூடு ஏறியது, மார்கழியில் தணிந்தது. பொங்கல் கழிந்து அக்கா ஒரு பிடி அள்ளி முகர்ந்துவிட்டு, "இந்தா, உன் மீன் குழம்பு" என்று என் உள்ளங்கையில் வைத்தார். கறுப்பாக, பொலபொலவென்று இருந்தது. மண் வாசனையைத் தவிர வேறு எதுவும் இல்லை. வேனில் வரும் உங்கள் எல்லோருடைய வீட்டுத் தொட்டிக்கும் ஆளுக்கு ஒரு பை தர வேண்டும் என்று பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். உங்கள் கத்தரிச் செடிக்கு மட்டும் இரண்டு பை என்றார். பை கட்டுவதற்குள், பத்து நாளில் அவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

ஐந்தாம் நாள் துக்கம் கேட்க வந்தவர்களிடம் அப்பா என்ன சொன்னார் என்று உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். "நல்ல புள்ளதான். சுத்தம்தான் பத்தாது. மாடிய நாறடிச்சிருச்சு" என்றார். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். நான் எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். இன்று சாயங்காலம் புதிதாகக் குடிவரப் போகிறவர்களிடமும் அதையே சொன்னார். நாளை எட்டு மணிக்குக் குப்பை வண்டி வருகிறது. இரண்டு டிரம்மையும் அதில் கொட்டச் சொல்லியிருக்கிறார். திறந்துகூடப் பார்க்கவில்லை. அது நாற்றம் பிடித்தது என்றே நினைக்கிறார், நான் அப்படி நினைக்க விட்டதால்.

காலையில் உங்கள் வேன் வரும்போது பால் வாங்குகிற சாக்கில் தெருமுனைக்கு வந்து இதைத் தருவேன். முடிந்தால் நாளை வேலைக்குப் போகாமல் நாலு சாக்கோடு வாருங்கள். இப்படி எழுதிவிட்டு யோசிக்கிறேன். நீங்கள் வந்து நின்றாலும், அப்பா "எதுக்கு இந்த நாத்தம் உங்களுக்கு?" என்று கேட்பார். அப்போதும் நான் பின்னால்தான் நிற்பேனா?

இரண்டு முறை எழுந்து போய்க் கதவில் காது வைத்துப் பார்த்துவிட்டு வந்தேன். அமைதியாகத்தான் இருக்கிறது.

ஜெயா அக்காவின் புடவைகளையும் பாத்திரங்களையும் அவர் அம்மா எடுத்துப் போய்விட்டார். அது சரிதான். என்னிடம் இருப்பது, அன்று மீன் தலையைக் கம்பால் அழுத்திவிட்டு அவர் என்னைப் பார்த்த பார்வை. அதில் கோபம் இருந்தது. இல்லை என்று பொய் எழுத மாட்டேன். கோபத்தோடுதான் பதினொரு முயலையும் விட்டுவிட்டு என்னை வைத்துக்கொண்டார். அது என்னிடம் இருக்கும். முப்பதாம் நாளில் நீங்கள் வாசிக்க வேண்டியது இந்தத் தாளைத்தான், பழையதை அல்ல. அதற்கு முன்னால் அப்பாவிடம் நானே

கூடத்தில் விளக்கு போட்டுவிட்டார்கள். அப்பாவின் இருமல். கதவைத் தட்டுகிறார். "பாப்பா, இன்னும் தூங்கலையா?"

தாளை ஒளிக்கவில்லை அக்கா. திறந்ததும் சொல்ல வேண்டியதை இங்கே ஒரு தடவை எழுதிப் பார்த்துக்கொள்கிறேன். அப்பா, மாடியை நாறடித்தது ஜெயா அக்கா இல்லை, நா