எப்பிங் காட்டில் நான் ஆண்டவரோடு சண்டை பிடித்த நாள்

என்ர மனுசன் என்ர கண்ணுக்கு முன்னால மூச்சுக்குத் திணறேக்க நான் செபமாலை சொல்லேல்லை. ஆண்டவரைப் பேசினன். வாய்க்கு வந்தபடி பேசினன். அதை உங்களுக்கு மறைக்காமல் சொல்லவேணும் எண்டுதான் இண்டைக்கு இந்தக் கோயிலில சாட்சி சொல்ல எழும்பி நிக்கிறன்.

போன வருசம் மாசி மாதக் கடைசி. குளிர் இன்னும் முடியாத காலம், ஆனா அந்தக் கிழமை வெயில் சித்திரை மாதிரி எரிச்சுது. ஞாயிற்றுக்கிழமை. பின்னேரப் பூசைக்குப் போவம், காலமை எப்பிங் காட்டில கொஞ்சம் நடப்பம் எண்டு என்ர மனுசன் ஜெயசீலன் கேட்டார். கிழமை முழுக்க பஸ் ஓட்டுறவர். பாவம் எண்டு ஓம் எண்டன். லண்டனில நாங்கள் இருக்கிற வால்தம்ஸ்டோவில இருந்து அது கிட்டத்தானே.

காட்டுக்குள்ள போற இடத்தில ஒரு அறிவிப்புப் பலகை. வெயில் முந்தி வந்ததால பாம்புகள் வெளியில வந்து படுக்குது, பாதையை விட்டு இறங்காதேங்கோ எண்டு போட்டிருந்தது. இங்கிலீசில 'அடர்' எண்டு சொல்லுற விசப் பாம்பு, எங்கட புடையன், விரியன் இனம். நான் மன்னாரில பாம்போட வளந்தவள். எனக்குத் தெரியும். அவரோ காலில வெறும் செருப்பு.

"இஞ்சாருங்கோ, காருக்குள்ள கிடக்கிற சப்பாத்தைப் போடுங்கோ. கார் பக்கத்திலதானே நிக்குது" எண்டன்.

"லண்டனில பாம்போ? அதுவும் மாசியில? நீர் சும்மா பயப்படுறீர்" எண்டார்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. நான் நிலத்தைப் பார்த்துப் பார்த்து நடக்கிறன். அவர் போனைப் பார்த்து நடக்கிறார். கொஞ்சத் தூரத்தில, படம் எடுக்கவெண்டு பாதையை விட்டுக் காய்ஞ்ச செடிக்குள்ள இறங்கினார். நான் கூப்பிடமுதல் காலை உதறினார். முள்ளுக் குத்திப்போட்டுது எண்டார். முதுகில வளைஞ்சு வளைஞ்சு கறுத்தக் கோடு போட்ட பாம்பு சருகுக்குள்ள நழுவிப் போறதை நான் கண்டன்.

இஞ்சத்தைப் பாம்பு கடிச்சு ஆரும் சாகிறேல்லை எண்டு பிறகு எத்தனையோ பேர் எனக்கு விளக்கம் சொல்லிச்சினம். அவற்ற உடம்புக்கு அந்த விசம் ஒத்துக்கொள்ளேல்லை. வாய்ச் சொண்டு வீங்கிச்சுது. முகம் சிவந்துது. குரல் அடைச்சுப்போச்சுது. போனைப் பார்த்தா சிக்னல் இல்லை. விட்டிட்டு ஓடவும் ஏலாது, தூக்கவும் ஏலாது.

அப்பதான் வானத்தைப் பார்த்துக் கத்தினன். "நீர் எங்க போனீர்? இந்த மனுசன் சொல்வழி கேளாதவர், ஓம். அதுக்குச் சாகவேணுமோ? ஊரில சண்டை நேரம் ஷெல்லடிக்குள்ள காப்பாத்தி இவ்வளவு தூரம் கொண்டுவந்தது இந்தச் செடிக்குள்ள விடவோ? ஆரையாவது அனுப்பும். இப்பவே அனுப்பும்."

ஆமென் எண்டு கூட நான் சொல்லேல்லை.

முதல்ல ஒரு நாய் வந்துது. அதுக்குப் பின்னால ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை, என்ர சத்தம் கேட்டு ஓடிவந்தவள். அவற்ற முகத்தைப் பார்த்த உடனே தோள் பையைத் திறந்து பேனா மாதிரி இருக்கிற ஒரு மருந்தூசியை எடுத்து, காற்சட்டைக்கு மேலாலயே தொடையில அழுத்தினாள். அவளுக்குக் கச்சான் கடலை சாப்பிட்டா இதே மாதிரித் தொண்டை அடைக்குமாம். அதால அந்த மருந்து இல்லாமல் வீட்டை விட்டு வெளிக்கிட மாட்டாளாம். பையில இருந்த இன்னொரு ஊசியை, திரும்ப மூச்சு அடைச்சாப் போடச் சொல்லி என்ர கையில தந்து, எப்பிடிப் போடுறது எண்டு காட்டிப்போட்டு, சிக்னல் தேடி மேட்டில ஏறி ஓடினாள். நான் அவரைச் சாய்ச்சுப் பிடிச்சுக்கொண்டிருந்தன். மூச்சுத் திணறல் கொஞ்சம் கொஞ்சமா இறங்கி வந்துது. அம்புலன்ஸ் வந்துது.

ஆஸ்பத்திரியில விச முறிவு மருந்து ஏத்திச்சினம். காட்டுக்குள்ள அந்த ஊசி போடாட்டி ஆள் இஞ்ச வந்து சேந்திருக்காது எண்டு டொக்டர் சொன்னார்.

அடுத்த நாள் எங்கட செபக் குழுவில இருக்கிற ஒரு அக்கா பாக்க வந்தா. கட்டிலடியில நிண்டு, காலமைப் பூசையை விட்டிட்டுக் காட்டுக்குப் போனா ஆண்டவர் இப்பிடித்தான் காட்டுவார் எண்டா.

"அக்கா, என்ர ஆண்டவர் பாம்பாட்டி இல்லை" எண்டன்.

அவ திரும்பிப் போயிட்டா. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறேல்லை. இதையும் மறைக்கேல்லை. நோயில விழுந்த ஆக்களின்ர கட்டிலடியில போய் நிண்டு தயவுசெய்து ஆரும் இப்பிடிக் கதைக்காதேங்கோ.

அவ போனாப் பிறகு இவர் கண்ணைத் திறந்து, கரகரத்த குரலில, "நீர் சொன்னதைக் கேட்டிருக்க வேணும்" எண்டார். கேட்டிருக்கத்தான் வேணும் எண்டன். சொல்லிப்போட்டு அவற்ற கையைப் பிடிச்சுக்கொண்டு அழுதன். அந்த இரண்டு நாளில முதல்தரமா அழுதது அப்பதான்.

பாம்பை ஏன் அந்த இடத்தில விட்டீர் எண்டு நான் இப்பவும் ஆண்டவரைக் கேக்கிறனான். ஆனா ஆரையாவது அனுப்பும் எண்டு கேட்டன், அனுப்பினார். அதுக்கு நன்றி சொல்லாத நாள் இல்லை. முந்தி நான் செபப் புத்தகத்தைப் பார்த்து வாசிச்சுப்போட்டு எழும்பிறனான். இப்ப நாங்கள் இரண்டு பேரும் இருந்து ஆண்டவரோட கதைக்கிறம்.

வெயில் வந்தா நடக்கப் போங்கோ. நல்ல சப்பாத்துப் போட்டு, பாதையைப் பார்த்து நடவுங்கோ. உங்களுக்கு ஒரு ஆபத்து வந்து, நல்ல வார்த்தை ஒண்டும் வாயில வராட்டி, பரவாயில்லை, கோபத்தோடயே அவரைக் கூப்பிடுங்கோ. பேச்சு வாங்கினதுக்காக எழும்பிப் போற ஆள் இல்லை அவர்.