மீட்டர் மேல் துண்டு

காசிமேட்டில் ஜெயக்கொடியைத் தெரியாது என்று ஒருவர் சொன்னால், அவர் மீன் வாங்க வந்ததே இல்லை என்று அர்த்தம். அறுபதைத் தாண்டியவள். விடியும் முன்பே தன் குட்டியானை மினி லாரியை ஏலக் கொட்டகை ஓரமாக ரிவர்ஸில் கொண்டுவந்து, ஆட்டோக்களுக்கும் ஐஸ் வண்டிகளுக்கும் நடுவே அலுங்காமல் செருகுவாள். ஹோட்டல்களுக்கு மீன் கூடை ஏற்றிப் போவது அவள் பிழைப்பு. புருஷன் போன பிறகு வேறு வழியில்லாமல் கற்றுக்கொண்ட வண்டியோட்டம் என்று ஊர் நினைக்கிறது. அவளோ அது ரத்தத்தில் வந்தது என்பாள். அங்கேதான் வம்பு ஆரம்பிக்கும்.

"எங்க நைனா காரு வச்சிருந்தாரு. சொந்தக் காரு" என்பாள்.

சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். ஏலம் கூவும் சவரிநாதன்தான் அதில் முதல் ஆள். "அப்டியா? நைனா காரு வச்சிருந்தாரு, தாத்தா இன்னா ஏரோப்ளேன் வச்சிருந்தாரா?" என்பான். வருஷக்கணக்காக இதே கேள்விதான். வருஷக்கணக்காக அதற்குச் சிரிப்பும் கிடைத்துக்கொண்டிருந்தது. புதிதாக ஒன்றை யோசிக்கக்கூட அந்த மனுஷனுக்குத் துப்பில்லை.

அவள் சொன்னது பொய்யே இல்லை. அப்பா குமாரவேல் கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்து, கடல் ஒத்துக்கொள்ளாமல் கரையேறியவர். படகில் கால் வைத்தாலே குடல் வாய்க்கு வந்துவிடும். அண்ணன் தம்பிகள் கேலி பொறுக்க முடியாமல், மனைவியின் நகையை விற்று, யாரோ ஓட்டித் தேய்த்த ஒரு லேண்ட்மாஸ்டர் காரை வாங்கினார். கறுப்பு உடம்பு, மஞ்சள் கூரை. ராயபுரம் ரயில் நிலைய வாசலில் டாக்ஸி ஓட்டினார். ஜெயக்கொடி சின்னப் பிள்ளையாக இருந்தபோதே காய்ச்சலில் போய்விட்டார். கார் கைமாறிப் போனது. அவர் முகம் இருந்த ஒரே கல்யாணப் போட்டோவும், பிற்பாடு அவள் வாழ்க்கைப்பட்ட சடையங்குப்பத்து வீட்டில் வெள்ளம் புகுந்தபோது கூழாகிவிட்டது. சாட்சிக்குக் காரும் இல்லை, காரை வைத்திருந்தவரின் முகமும் இல்லை. பெட்ரோல் வாசனை அடிக்கும் ஒரு காக்கிச் சட்டை மட்டும் அவளுக்கு நினைவிருந்தது. அதற்கு மேல் அந்தச் சட்டைக்கு அவளால் முகம் வைக்க முடியவில்லை.

காரோடு ஒரு படமாவது எடுத்து வைத்திருக்கலாமே என்று கேட்கிறவர்கள் உண்டு. டாக்ஸிக்காரருக்கு டாக்ஸி வயிற்றுப்பாடு. அதன் முன்னால் நின்று போஸ் கொடுக்க அவருக்கு எங்கே நேரம்?

ராயபுரத்தில் கயிறும் தார்ப்பாயும் மொத்தமாக விற்கிற ஜெபசிங்குக்கு ஒரு கிறுக்கு உண்டு. பழைய வாகனம் இருக்கிற பழைய படம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். தூத்துக்குடிப் பக்கமிருந்து அப்பா காலத்தில் வந்து வேரூன்றிய குடும்பம். அறுபது தாண்டியதும் கடையை மகள் ஜெனி கையில் கொடுத்துவிட்டு, வீடு வீடாகப் போய் டிரங்குப் பெட்டிகளைத் திறக்கவைத்தார். புளியமரங்கள் இரண்டு பக்கமும் கவிந்த கல்கத்தா ரோடு, லாரி ஒன்றுகூட இல்லாத எண்ணூர் ரோடு, மீனம்பாக்கத்தில் விமானப் படிக்கட்டில் மாலையோடு விறைத்து நிற்கும் சிங்கப்பூர் மாப்பிள்ளை என்று சேர்ந்துகொண்டே போனது. எல்லாவற்றையும் பெரிதாக்கி, சட்டம் போட்டு, சர்ச் ஹாலில் காட்சி வைக்க ஏற்பாடு செய்தார். சட்டங்களைக் கொண்டுவந்து இறக்கும் சவாரி ஜெயக்கொடிக்கு வாய்த்தது.

ஹால் சுவரோரம் படங்களைச் சாய்க்கும்போது ஒன்றில் அவள் கை நின்றுவிட்டது. கல்யாண ஜோடி ஒன்று கார் மீது சாய்ந்து நிற்கிறது. கீழே ஒட்டிய சீட்டில், 'எங்கள் தாத்தா வாங்கிய முதல் கார்' என்று எழுதியிருந்தது. நம்பர் பலகையைப் பார்த்தாள். அடுத்த படத்தில் வேறு குடும்பம், வேறு தாத்தா, அதே நம்பர். அதற்கடுத்ததிலும் அதே. சாகும்வரை அம்மா ஜபம் மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்த நம்பர் அது.

"சார், இது எங்க நைனா காரு சார்."

ஜெபசிங் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வந்தார். நம்பர்களைப் பார்த்ததும் அவருக்கும் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் காலத்தில் எல்லோரும் ஒரே மாடல் வாங்கியிருக்கிறார்கள் என்று இத்தனை நாள் நம்பியிருந்தார், பாவம். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"டாக்ஸின்னா மேல மஞ்சளா இருக்கணுமேம்மா. இது வெள்ளையால்லா இருக்கு."

"கறுப்பு வெள்ளப் போட்டோல மஞ்சா எப்டி சார் தெரியும்?"

அவர் காரின் முன்பக்கத்தை உற்றுப் பார்த்தார். "சரி, மீட்டர் எங்க? அப்போல்லாம் முன்பக்கம் வெளியிலதான மாட்டியிருப்பாங்க?"

"துண்டு போட்டுக்கீதே, பாக்கல?" காரின் முன்பக்கம் ஒரு துண்டு, மடிப்புக் கலையாமல், எல்லாப் படத்திலும் அதே இடத்தில் தொங்கியது. "போட்டோ புடிக்கும்போதெல்லாம் எங்க நைனா மீட்டர மூடிடுவாராம். வாடக வண்டின்னு தெரிஞ்சா அவங்க மனசு கஷ்டப்படுமாம். எங்கம்மா சொல்லிக்கீது."

எத்தனை குடும்பங்களுக்கு அந்த மனுஷன் ஒரு மணி நேரம் கார் முதலாளியாக இருக்கிற சுகத்தைக் கொடுத்திருக்கிறார் பாருங்கள். வாங்கிக்கொண்டவர்கள் அதைப் பரம்பரைச் சொத்தாக்கிவிட்டார்கள்.

ஜெபசிங் கெட்டவர் இல்லை, சங்கடத்துக்குப் பயந்தவர். "நீங்க சொல்லுதது நெசமாவே இருக்கட்டும். நம்பிப் படம் கொடுத்தவங்க வீட்டுப் பெருமையை நான் கெடுத்தா, நாளைக்கே கழட்டிட்டுப் போயிருவாங்க. உங்க அப்பா காரோட நிக்குத படம் ஒண்ணு கொண்டாங்க. நானே என் கையால மாத்தி எழுதுதேன்" என்றார். அந்த வரிசையில் அவர் வீட்டுப் படமும் ஒன்று இருந்தது. 'எங்கள் அப்பாவின் கார்' என்று முத்து முத்தாக எழுதியிருந்தார். அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

படம் இல்லாதவளிடம் படம் கேட்டால் அவள் எங்கே போவாள்? ஆனால் ஜெயக்கொடி சும்மா இருக்கிற பிறவி இல்லை. காட்சி தொடங்கிய அன்று மீன் கூடையை இறக்கிவிட்டு, குளித்து, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து அந்தச் சுவர்ப் பக்கத்திலேயே நின்றாள். படம் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

"எங்க தாத்தா இந்தக் கார்லதான் ஊட்டிக்கே போனாராம்" என்றாள் ஜெஸ்லின் என்கிற இளம்பெண், சுருக்கென்று.

"ஊட்டிக்கா? மீட்டர் எவ்ளோ ஆச்சாம்?"

அதற்குப் பிறகு பேச்சு தடித்தது. படம் கொடுத்த மூன்று குடும்பத்துக்காரர்கள் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். ஹாலைப் பார்த்துக்கொள்கிறவர் வந்து, படம் பார்ப்பதென்றால் பாருங்கள், இல்லையென்றால் கிளம்புங்கள் என்றார். ஜெயக்கொடிக்குக் கண் நிறைந்துவிட்டது. இன்றைக்கு இங்கிருந்து போனால் அப்பா என்றைக்கும் கார் இல்லாதவர்தான் என்று அவளுக்குத் தெரியும். நகராமல் நின்றாள்.

அப்போது ஜெனியின் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபசிங்கின் அக்கா சுகிர்தம் உள்ளே வந்தார். எண்பதை நெருங்குகிறவர். முந்தின நாள் சாப்பிடும்போது தம்பி இந்த விஷயத்தைச் சொல்லிப் புலம்பியிருந்தார். அக்கா எழுந்துபோய் அம்மாவின் பெட்டியைக் குடைந்திருக்கிறார்.

"குமாரவேல் டிரைவர் மக நீதானா?" என்றார் நேராக வந்து.

அப்படி அவளை யாரும் கூப்பிட்டு எத்தனையோ காலமாயிற்று. தலையை ஆட்டினாள்.

சுகிர்தம் கைப்பையிலிருந்து ஒரு சின்னப் படத்தை எடுத்து நீட்டினார். சர்ச் வாசல். கைக்குழந்தையோடு ஒரு குடும்பம். பின்னால் அதே கார், அதே நம்பர். முன்பக்கத்தில் மீட்டர் அதன் வாடகைக் கொடியோடு பளிச்சென்று தெரிந்தது. அதை மூட வேண்டிய துண்டு குழந்தையின் தலைக்கு மேலே இருந்தது. காக்கிச் சட்டை போட்ட ஒருவர் அதை இரண்டு கையாலும் விரித்து வெயில் மறைத்துக்கொண்டு, குழந்தையைப் பார்த்து வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இவனுக்கு, என் தம்பிக்கு, ஞானஸ்நானம் அன்னைக்கு. வெயில் தாங்காம வீல்வீல்னு கத்துதான். டிரைவர் பார்த்துட்டு மீட்டர்ல கெடந்த துண்டை உருவிட்டு ஓடியாந்தாரு. அந்த நேரம் பார்த்துப் போட்டோக்காரன் அமுக்கிட்டான். மீட்டர் தெரியுதுன்னு எங்கப்பா இதைப் பெட்டிக்கு அடியில போட்டுட்டாங்க. நான் அப்பவே விவரம் தெரிஞ்ச பிள்ளை." தம்பி பக்கம் திரும்பினார். "ஏலே ஜெபசிங்கு, உன் தலைக்கு நிழல் கொடுத்த மனுஷன்லே அது. அவரு பேரை எழுத உனக்கு ஆதாரம் வேணுமாக்கும்?"

ஜெபசிங் அந்தப் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு அதை ஜெயக்கொடி கையில் கொடுத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, முதலில் தன் வீட்டுச் சீட்டைத்தான் அடித்தார். 'திரு. குமாரவேலின் டாக்ஸி. வாடகைக்கு எடுத்தவர்கள் நாங்கள்' என்று எல்லோரும் பார்க்க எழுதினார். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெஸ்லின்தான் முதலில் கையை நீட்டி, "அங்கிள், பேனா கொடுங்க" என்றாள்.

ஜெயக்கொடி இதையெல்லாம் பார்க்கவில்லை. அவள் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கு அவளுடைய மூக்கு. சிரிக்கும்போது ஒரு கண் சுருங்குவது அவள் மகனுக்கும் உண்டு. இத்தனை வருஷம் கழித்து அந்தக் காக்கிச் சட்டைக்கு முகம் கிடைத்துவிட்டது. பட்டுப்புடவைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டு, வெட்கப்படாமல் அழுதாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் அழுததே இல்லை.

ஜெபசிங் அந்தப் படத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, கடையிலிருந்த நல்ல கயிறாகப் பார்த்து எடுத்துக் குட்டியானையின் பின்னால் தானே நிமிர்த்திக் கட்டிக் கொடுத்தார். மறுநாள் காலை மீன் ஏலம் உச்சத்தில் இருக்கும்போது ஜெயக்கொடி காசிமேட்டுக்குள் நுழைந்தாள். வழக்கமான ஓரத்துக்குப் போகவில்லை. கொட்டகை வாசலுக்கே வண்டியை விட்டாள்.

சவரிநாதன் கூவிக்கொண்டிருந்த விலையைப் பாதியில் நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். படத்தைப் பார்த்தான். நம்பரைப் பார்த்தான். குனிந்து மறுபடி பார்த்தான்.

"இன்னா சவரி, பேச்சக் காணோம்?" என்றாள் ஜெயக்கொடி.

"ஜெயா, எங்க வூட்ல ஒரு போட்டோ கீது. எங்கப்பா கண்ணாலம். இதே காரு, இதே நம்பரு." தலையைச் சொறிந்தான். "எங்கப்பா வாங்குன காருன்னு பேரப்புள்ளைங்க வரிக்கும் சொல்லி வச்சிக்கீறேன்."

கொட்டகையே சிரித்தது. மீன்காரிகள் கூடையைத் தட்டிச் சிரித்தார்கள். சவரிநாதன் தலை குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். சிரிப்பு அடங்கியதும் நிமிர்ந்து, வழியை அடைத்து நின்ற கூட்டத்தைப் பார்த்து, ஏலத்துக்கு மட்டுமே எடுக்கிற அந்தப் பெரிய குரலை எடுத்தான்.

"இன்னாபா பாத்துகினு கீறீங்க, வழி வுடு. குமாரவேல் நைனா பொண்ணு வண்டி வருது. கார் வச்சிருந்த மனுஷன் பொண்ணு."

ஐஸ் வண்டிகள் ஒதுங்கின. ஜெயக்கொடி கியர் போட்டாள்.