வெள்ளிக்கிழமை 11.20-க்கு யானையை நகர்த்தியது யார்?

போன வெள்ளிக்கிழமை, ஆபீஸுக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு பட்டாபிராமுக்குப் போனேன். ஓர் ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்க!

பிடிபட்டது யார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்... முதலில் வழக்கு.

செல்வராஜ் என் நண்பன். (பெயரை மாற்றியிருக்கிறேன். காரணம் இருக்கிறது.) அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறான். அவன் பட்டாபிராமில் ரயில் ஏறுவான், நான் திருமுல்லைவாயிலில் ஏறுவேன். பதினைந்து வருடமாக ஒரே பெட்டி, ஒரே கதவோரம். நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஸ்டோர்ஸ் கிளார்க் என்பது வழக்கமாகப் படிக்கிற உங்களுக்குத் தெரியும்.

எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் யாரோ ஒரு யுத்த விளையாட்டை ஏற்றிவிட்டுப் போயிருந்தார்கள். ரோமாபுரிக்கும் கார்த்தேஜுக்கும் நடந்த பழங்காலச் சண்டை. கப்பல், குதிரை, யானை எல்லாம் உண்டு. இரண்டு பேர் மாறி மாறி ஆடலாம். நான் ரோமாபுரி, செல்வராஜ் கார்த்தேஜ். சாப்பாட்டு நேரத்தில் என் முறையை ஆடி, ஃப்ளாப்பியில் சேவ் செய்து, வியாழன் காலை ரயிலில் அவனிடம் கொடுப்பேன். அவன் வீட்டில் தன் முறையை ஆடி, திங்கள் காலை திருப்பித் தருவான்.

லேத் ஓட்டுகிறவன் வீட்டில் கம்ப்யூட்டரா? அவன் மனைவி ஸ்டெல்லா வீட்டு முன்னறையில் டி.டி.பி. சென்டர் வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி – எல்லாம் அடித்துத் தரப்படும். அதனால் ஃப்ளாப்பி எப்போதும் ஒரு கல்யாணப் பத்திரிகைக் கவரில்தான் கைமாறும்.

"இன்னா அண்ணாத்தே, வாராவாரம் உங்க ஊட்ல கல்யாணமா?" என்று ரயிலில் ஒருவர் கேட்டே விட்டார்.

பந்தயத்துக்கு முதலில் வாயை விட்டது செல்வராஜ்தான்.

"நான் தோத்தா மீசைய எட்துடறேன் மச்சான். நீ தோத்தா உன் பத்தில எழுதணும். ஒண்ணு வுடாம எழுதணும். இன்னா சொல்ற?"

அவன் மீசையை நீங்கள் பார்க்க வேண்டும். பாதி இறக்கிய கடை ஷட்டர் மாதிரி மேலுதட்டை மறைத்துக்கொண்டு நிற்கும். நானோ இத்தனை வருடமாக இந்தப் பத்தியில் ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவன். தோற்றேன் என்று எழுதினால் மானம் போய்விடாதா? ஆக, இரண்டு பக்கமும் பந்தயம் சமம்தான்.

விதி ஒன்றே ஒன்று. ஒரு சண்டைக்கு ஒரே முடிவு. தோற்றுவிட்டோமே என்று பழைய சேவைத் திறந்து மறுபடி சண்டை போடக் கூடாது. பந்தயத்துக்கும் விதிக்கும் சேர்த்து அவன் மாதா மேல் சத்தியம் செய்தான். நான் முருகன் மேல்.

இதை ஆடுகிறவர்களுக்கு ஒன்றிரண்டு யோசனை. யானையை முன்வரிசையில் நிறுத்தாதீர்கள். அம்பு பட்டால் திரும்பி நம் ஆளையே மிதிக்கும். மலையைப் பனிக்காலத்துக்கு முன்பே தாண்டுங்கள். எதிரியின் கோட்டையை முட்டாதீர்கள், அவனுடைய தானியக் கப்பலைப் பிடியுங்கள். ஒவ்வொரு முறைக்கும் தனிப் பெயரில் சேவ் செய்யுங்கள், ஒன்றின் மேல் ஒன்றை எழுதாதீர்கள். என் ஃபைல்களுக்கு வார்-1, வார்-2 என்று பெயர். சண்டைக்கு முன்னால் சேவ் செய்துவிட்டுத்தான் வாளை உருவ வேண்டும். இதெல்லாம் பொது அறிவு.

முதல் ஐந்து முறை செல்வராஜ், தான் சாப்பிடுவதைப் போலவே ஆடினான். அள்ளிப்போட்டுக்கொண்டு எழுந்துவிடுவான். யானைகள் எல்லாம் முன்வரிசையில்! நான் ஊதித் தள்ளினேன். மீசைக்கு நாள் குறித்தாகிவிட்டது என்று கதவோரத்தில் கிண்டல் வேறு செய்தேன். அவன் சிரித்தான்... கொஞ்சம் அசடு வழிய.

ஆறாவது முறையிலிருந்து ஆட்டமே மாறிவிட்டது. யானைகள் பின்னால் போயின. சிசிலியில் என் தானியக் கப்பல்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பொறுமை! நிதானம்! செல்வராஜுக்கா? டிக்கெட் கவுண்டரில் மூன்று பேர் நின்றாலே வித்தவுட்டில் ஏறுகிற ஆள் அவன்.

எனக்குப் பிறவியிலேயே சந்தேக புத்தி. காய்கறிக்காரர் தராசைத் தூக்கினால் முள்ளைப் பார்க்க மாட்டேன், அவர் சுண்டுவிரலைத்தான் பார்ப்பேன். ஃப்ளாப்பியில் ஃபைல் பட்டியலைப் போட்டால் ஒவ்வொன்றுக்கும் எதிரே தேதியும் நேரமும் வரும். பார்த்தேன். அவன் கடைசியாக சேவ் செய்தது – வெள்ளிக்கிழமை, காலை 11.20.

வெள்ளிக்கிழமை 11.20-க்கு அவன் தொழிற்சாலைக்குள் அல்லவா இருக்கிறான்? அன்று காலை என்னோடுதானே ரயிலில் வந்தான்?

அடுத்த வாரம் பார்த்தேன். வெள்ளி, 11.05. அதற்கும் அடுத்த வாரம்... வெள்ளி, 11.40.

ஒன்றும் தெரியாதவன் போல ரயிலில் கேட்டேன். "எப்படா ஆடுற நீ?"

"சண்டே மச்சான். சர்ச் முட்ச்சிகினு வந்து, சாப்ட்டுட்டு ஒக்காருவேன்."

பொய்! கண்ணைப் பார்க்காமல் சொன்ன பொய். பதினைந்து வருடப் பழக்கத்தில் அவன் என்னிடம் சொன்ன முதல் பொய் என்று நினைக்கிறேன். அன்று எனக்கு வேலையே ஓடவில்லை. ஆள் வைத்து ஆடுகிறான். யார் அந்த ஆள்? ஆவடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவர் ஒருவர் அவனுக்குத் தெரிந்தவர்... அவரா? ஒரு மீசைக்காகவா என்னை ஏமாற்றுகிறான்? இனி இவனோடு கதவோரத்தில் எப்படி நிற்பது?

ஆகவே, வயிற்றுவலி.

பதினொன்றரைக்கு அவன் வீட்டு வாசலில் நின்றேன். உள்ளேயிருந்து அந்த விளையாட்டின் போர் முரசு கேட்டது. கதவு திறந்துதான் இருந்தது. எட்டிப் பார்த்தேன்.

ஸ்டெல்லா! மடியில் ஒரு கல்யாணப் பத்திரிகையின் புரூஃப், கொண்டையில் சிவப்புப் பேனா, திரையில் கார்த்தேஜ் யானைப்படை.

"வாங்கண்ணே" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "குந்துங்க. எப்ப ஆடறேன்னு அவரக் கேட்டீங்களாமே, நீங்க வருவீங்கன்னு தெரியும்."

"நீதான் ஆடறியாம்மா?"

"ஆறாவது தபாலேர்ந்து நான்தான். வெள்ளிக்கிழமை கஸ்டமர் வரமாட்டாங்க. காலைல ஃப்ரீயா கீறேன்."

"இது நியாயமா? பந்தயம் எனக்கும் அவனுக்கும்தானே?"

"பொண்டாட்டி ஆடக் கூடாதுன்னு ரூல்ல கீதாண்ணே?"

இல்லைதான். அவர் நாற்காலியைத் திருப்பினார்.

"சரி, நான் ஒண்ணு கேக்கறேன். பதினாலாவது தபா சண்டைய நீங்க எத்தினி வாட்டி போட்டீங்க?"

"ஒரு வாட்டி" என்றேன். என் கண் எங்கே பார்த்தது என்று நினைவில்லை.

ஸ்டெல்லா இரண்டு பட்டனைத் தட்டினார். திரையில் வரிசையாகப் பெயர்கள் வந்தன. வார்-14-ஏ, வார்-14-பி, வார்-14-சி... எல்லாவற்றிலும் முதல் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி.

"கஸ்டமருங்க பத்திரிகைய அழிச்சிட்டு வந்து அழுவாங்க. அப்போ இப்டித்தான் மீட்டுக் குட்ப்பேன். அழிச்ச ஃபைல் எங்கியும் போவாதுண்ணே, மொதல் எழுத்து மட்டும்தான் போவும். நாம அதப் போட்டா எழுந்து வந்துரும். நீங்க ஏழு போட்டிருக்கீங்க. அஞ்சு எழுந்து வந்துட்ச்சு."

ஆமாம், வாசகர்களே. ஆபீஸ் கம்ப்யூட்டரில் சேவ் செய்தால் மேனேஜர் கண்ணில் படும் என்று எல்லாவற்றையும் ஃப்ளாப்பியிலேயே சேவ் செய்தேன். தோற்றால் பழையதைத் திறந்து மறுபடி சண்டை. ஏழு சண்டையில் எது நன்றாக முடிந்ததோ அதை வைத்துக்கொண்டு மற்றதை அழித்தேன். அழிந்துவிட்டது என்றும் நம்பினேன். காய்கறிக்காரரின் சுண்டுவிரலைப் பார்க்கிறவனுக்குத் தன் சுண்டுவிரல் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

"எப்படிம்மா சந்தேகம் வந்தது?"

"ஆடறவங்க ஒரு தபாவாச்சும் தோக்கணும்ல? நீங்க தோக்கவேல்ல."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "வெளையாட்டுக்கு நான் இத்த ஆடலண்ணே. அவரு மேல்ஒதட்ல தழும்பு கீது. சின்ன வயசுல சைக்கிள்லேர்ந்து வுய்ந்து கிழிஞ்சிட்ச்சாம், ஆறு தையலு. ஸ்கூல்ல பட்டப் பேரு வெச்சி அழ வுட்ருக்காங்க. மீசை மொளச்சப்புறம்தான் தல நிமுந்து நடந்தேன்னு சொல்வாரு. உங்க கைல வாய வுட்டுட்டாரு. வாபஸ் வாங்க வெக்கம். தோத்திருந்தா எட்திருப்பாருண்ணே... மாதா மேல சத்தியம் பண்ணிட்டாரே."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவன் தழும்பைக் காட்டியாவது சொன்ன சொல்லைக் காப்பாற்ற இருந்தான். நான் முருகனை ஏழு தடவை ஏமாற்றியிருக்கிறேன். அவனுடைய ஒரு பொய்யைப் பிடிக்க லீவு போட்டுவிட்டு வேறு வந்திருக்கிறேன்! பதினைந்து வருடம் ஒரே கதவோரத்தில் நின்றும் அந்த மீசைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

ஸ்டெல்லா, வார்-14-ஏ ஃபைலைத் திறந்தார். நான் முதல் தடவை போட்ட, நிஜமான சண்டை. ரோமாபுரிப் படையில் ஒரு ஆள் மிச்சமில்லை.

"ஒரு சண்டைக்கு ஒரே முடிவு" என்றார். "டீ போடட்டுமாண்ணே?"

திங்கட்கிழமை ரயிலில் செல்வராஜிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். தழும்பைப் பற்றி எழுதலாமா என்றும் கேட்டேன். மீசையை ஒருமுறை நீவிவிட்டுக்கொண்டான்.

"எழுது. பேர மட்டும் மாத்திடு" என்றான். அம்பத்தூர் வந்ததும் இறங்கப் போனவன் திரும்பினான். "நெசமாவே ஏழு தபாவா மச்சான்?"

சந்தேகம் எங்கிருந்து வருகிறது என்று இப்போது எனக்குத் தெரியும். நாம் செய்கிற வேலையைத்தான் அடுத்தவன் செய்வதாக நினைக்கிறோம். வேறெங்கிருந்து வரும்?

பந்தயப்படி எழுதிவிட்டேன்: ரோமாபுரி தோற்றது, நான் தோற்றேன், மீசை பத்திரமாக இருக்கிறது.

இன்னொன்றையும் விடாமல் சொல்ல வேண்டுமல்லவா? இந்தப் பத்தியை நாலு தடவை எழுதினேன். முதல் மூன்றிலும் ஜெயித்தது நான்தான்.