வாசலில் இருந்த வாங்கு

காணாமற்போனவர்களைப் பற்றி முறைப்பாடு எடுக்கும் எங்கள் அலுவலகத்தில் இப்போது வேலை வேகம்.

கொழும்பிலிருந்து பயிற்சி தர வந்தவர், "சனம் காத்திருக்கிறதுதான் பெரிய விரயம்" என்றார். சனம் மேசை மேசையாய் அலையாதிருக்க, மேலாளர் உடனே எல்லா மேசைகளையும் ஒன்றாக்கினார். வாசலில் சனம் உட்கார்ந்து காத்திருக்கும் நீள வாங்கையும் தூக்கிவிட்டார்.

இன்று கிரானிலிருந்து, மகனைத் தேடி வழமையாக வரும் அம்மா வந்தார். முன்பு காலை முழுக்கக் காத்திருந்து கேட்கும் "இன்னும் தகவல் இல்லை அம்மா" என்ற பதிலை, இன்று வந்த கையோடு சொல்லி அனுப்பினேன்.

வாசலில் நின்று கேட்டார்: "வாங்கு எங்க, மகள்?"

"எடுத்தாச்சும்மா. இனி நீங்க காத்துக் கிடக்கத் தேவையில்ல. உடனே வீட்ட போகலாம்."

"ஊருக்குள்ள அவன்ட பேரச் சொல்லவே பயம். இஞ்ச வாற தாய்மாரோட இருந்துதான் வாய்விட்டு அழுறனான். இனி எங்க போய் அழுற?"

மேலாளருக்கு நல்ல சந்தோசம். வெறும் வாசலைப் படம் எடுத்துத் தலைமையகத்துக்கு அனுப்பிவிட்டார்.

வாங்கு பின்பக்கம் மழையில் கிடக்கிறது. அதில் ஆறேழு தாய்மார் நெருக்கி உட்காரலாம். போட இடமுள்ளவர்கள் சொல்லுங்கள்.