மாற்று ஜட்டியோடு தொலைந்த பிள்ளைகள்

தொலைந்துபோன பிள்ளை எது, வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போன பிள்ளை எது என்று பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிடும். தொலைந்த பிள்ளை அழும். விட்டுவிட்டுப் போன பிள்ளை, "பிஸ்கட் எங்கக்கா?" என்று கேட்கும். அதற்கு மேலும் சந்தேகம் இருந்தால் அதன் கையில் உள்ள பையைத் திறந்து பார்க்கலாம். தண்ணீர் பாட்டில், ஒரு துண்டு, மடித்து வைத்த மாற்று ஜட்டி. இவ்வளவு முன்னேற்பாட்டோடு எந்தப் பிள்ளையும் தொலைவதில்லை. அந்தக் கோடையில் இப்படி எத்தனையோ பைகளைத் திறந்து பார்த்திருக்கிறேன்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. டிகிரி முடித்துவிட்டு வேலைக்காகக் காத்திருந்தேன். அதாவது, வீட்டில் இருக்கும் எல்லோரிடமும் முறைவைத்துத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். மலையும் பெரிய கோயிலும் உள்ள எங்கள் ஊரிலிருந்து வேங்கிக்கால் போகிற வழியில் ஒரு காலி மைதானத்தில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். ராட்சத ராட்டினம், மரணக்கிணறு, பொம்மை ரயில், பாம்பு உடம்போடு பேசும் பெண், டெல்லி அப்பளம், எல்லாம் இருந்தன. அதை எடுத்து நடத்திய கான்ட்ராக்டர் என் சின்ன மாமாவின் கூட்டாளி. மைக்கில் அறிவிப்பு செய்ய ஆள் தேடிக்கொண்டிருந்தார். தன் அக்கா மகளான எனக்குக் குரல் நன்றாக இருக்கும் என்று மாமா சொல்லிவைத்தார். வாய் ஜாஸ்தி என்பதைத்தான் அவர் அவ்வளவு மரியாதையாகச் சொன்னார்.

வாசலுக்குப் பக்கத்தில் ஒரு தகர ஷெட். அதற்குள் ஒரு மேஜை, மைக், ஆம்ப்ளிஃபையர், ஒரு டின் நிறைய பிஸ்கட். மிளகாய் பஜ்ஜி சுடச்சுடக் கிடைக்கும், மரணக்கிணற்றில் அடுத்த ஆட்டம் ஆரம்பமாகப்போகிறது என்றெல்லாம் நான் சொல்லவேண்டும். நடுநடுவே, காணாமல்போன பிள்ளைகளைப் பற்றி அறிவித்து, பெற்றவர்கள் வரும்வரை பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளவேண்டும்.

முந்தின வருஷம் அந்த ஷெட்டில் உட்கார்ந்தவர் பெரிய மீசைக்காரர். அவர் காலத்தில் பிள்ளைகள் எப்போதாவது ஒன்று தொலைவதோடு சரி. நான் போய் உட்கார்ந்ததும் கும்பல் கும்பலாகத் தொலைய ஆரம்பித்தார்கள். ஒரு பெண் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் நம் ஜனங்களுக்குப் பொறுக்காது. இடுப்பில் இருப்பதை இறக்கி அவள் மடியில் வைத்துவிட்டால்தான் நிம்மதி. முதலில் கொஞ்சம் கூச்சப்பட்டு, "இந்தப் புள்ள அங்க நின்னு அழுதுனு இருந்துச்சு" என்று தங்கள் பிள்ளையையே யாரோபோலக் கொண்டுவந்து விட்டார்கள். பிறகு அந்தக் கூச்சமும் போயிற்று.

"ஏம்மா, இவன இங்க கொஞ்சம் ஒக்கார வெச்சிக்கோ. கப்பல் ஊஞ்சல்ல ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடறோம். சமத்துப் புள்ள, ஒண்ணும் பண்ணமாட்டான்."

சமத்து என்ற வார்த்தையைக் கேட்டாலே மைக்கையும் பிஸ்கட் டின்னையும் என் பக்கம் இழுத்துக்கொள்ள ஆரம்பித்தேன். ஒரு சமத்து ஆம்ப்ளிஃபையரின் திருகை முழுசாகத் திருகிவிட்டது. மைதானமே காதைப் பொத்திக்கொண்டது. இன்னொரு சமத்து மைக்கின் ஓட்டைகளில் பாப்கார்னை ஒவ்வொன்றாக அமுக்கி வைத்தது. ஒன்று என் முன்கையைக் கடித்தது. பல் பதிந்த இடத்தை அதன் அப்பாவிடம் காட்டினேன். "பசி வந்துட்டா இவன் யாரையும் பாக்கமாட்டான்" என்று ஏதோ மெடல் வாங்கிய பிள்ளையைப் பற்றிச் சொல்வதைப்போலச் சொன்னார். ஓர் அம்மா, பிள்ளையின் கவுனில் பஜ்ஜி எண்ணெய் பட்டிருந்ததற்கு என்னைக் கோபித்துக்கொண்டாள். "பாத்துக்கிறேன்னுதானே ஒத்துக்கின? இதான் நீ பாத்துக்கிற லட்சணமா?" என்றாள். நான் எப்போது ஒத்துக்கொண்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கான்ட்ராக்டரிடம் போய் முறையிட்டேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"பெத்தவங்க ஃப்ரீயா இருந்தாத்தாம்மா நாலு கடைக்குப் போவாங்க. நீயும் சும்மா ஒக்காந்துனுதானே இருக்க?" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. சரி, சும்மா உட்கார்ந்திருப்பவள் என்ன செய்வாள் என்று காட்டலாம் என முடிவு செய்தேன். பிள்ளைகளின் வாயைப் பிடுங்குவது ஒன்றும் கஷ்டமில்லை. ஒரு பிஸ்கட் கொடுத்து, "உங்கப்பா எப்படி இருப்பாரு?" என்று கேட்டால் போதும், குடும்பமே வெளியே வந்துவிடும். பிள்ளைகளைப் பற்றிய அறிவிப்பை நிறுத்திவிட்டு, பெற்றவர்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன்.

"பொதுமக்கள் கவனத்துக்கு. பச்சைக் கட்டம் போட்ட சட்டை அணிந்த, நேற்றுத்தான் மீசைக்கு மை அடித்த ஓர் அப்பாவைக் காணவில்லை. கடைசியாகப் பாம்புப் பெண் கூடாரத்துக்கு முன்னால் நின்றதாக அவருடைய மகன் தெரிவிக்கிறான். கண்டவர்கள் அவரைப் பத்திரமாக ஷெட்டில் ஒப்படைக்கவும்."

மீசையைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு ஓடிவந்தார் அந்த அப்பா. அடுத்து, நாத்தனார் வருகிறாள் என்று தெரிந்ததும் வீட்டைப் பூட்டிக்கொண்டு பொருட்காட்சிக்குக் கிளம்பி வந்துவிட்ட ஓர் அம்மாவை அழைத்தேன். அவள் முகத்தில் ஈயாடவில்லை. கூட்டத்தில் அந்த நாத்தனாரின் ஊர்க்காரர்கள் யாராவது இருந்தார்களோ என்னவோ. நாளாக ஆக, ஷெட்டைச் சுற்றி என் அறிவிப்பைக் கேட்கவென்றே ஆட்கள் நின்றார்கள். திட்டுவதற்கென்று வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வந்த கான்ட்ராக்டர், பக்கத்து பஜ்ஜிக் கடையில் கூடியிருந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு திரும்பிப் போனார். தொலைகிற பிள்ளைகளும் கம்மியானார்கள். நான் தலைகால் புரியாமல் இருந்தேன்.

அந்த நேரத்தில்தான் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அந்தக் குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, எட்டு வயதிருக்கும் ஒரு பெண், அவள் இடுப்பில் மூன்று வயதுத் தம்பி. பாவாடை ஒரு பக்கம் இறங்க, உடம்பை வளைத்துக்கொண்டு அவனைத் தூக்கியிருந்தாள். அப்பா கைவீசி வந்தார். அம்மாவிடம் ஒரு பர்ஸ் மட்டும் இருந்தது.

"உங்களுக்குத் தொந்தரவே கெடையாதும்மா" என்றார் அப்பா. "புள்ளைய இவ பாத்துப்பா. ஓரமா நிக்கிறதுக்கு எடம் குடுத்தா போதும்."

"வூட்டுலயும் இவதான் பாத்துக்கறா" என்றாள் அம்மா. "இந்த வயசுல எம்பொண்ணுக்கு இருக்கற பொறுப்பு யாருக்கும் வராது."

மற்றவர்கள் பிள்ளையை என் தலையில் கட்டினார்கள். இவர்கள் பெண்ணின் தலையில் கட்டிவிட்டு, என்னைத் தொந்தரவு செய்யாத பெருந்தன்மைக்கு நன்றியும் எதிர்பார்த்தார்கள். இரண்டு பேரும் நேராக ராட்சத ராட்டினத்துக்குப் போய் வரிசையில் நின்றார்கள். ஷெட்டிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும்.

அந்தப் பையன் நான் பார்த்த சமத்துகளுக்கெல்லாம் தலைவன். மேஜைமேல் ஏறினான், வயரை இழுத்தான், பிஸ்கட் டின்னைக் கவிழ்த்தான். அவன் ஒவ்வொன்றாகச் செய்யச்செய்ய அக்காக்காரி பின்னாலேயே போய்ச் சரிசெய்துகொண்டு வந்தாள். "நான் பாத்துக்கறேன்க்கா, நீங்க பேசுங்க" என்று எனக்கு வேறு சமாதானம். அவளுக்கென்று கொடுத்த பிஸ்கட்டும் அவன் வாய்க்குத்தான் போனது. அவன் சற்று ஓய்ந்ததும், பனியனைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு ராட்டினத்தையே பார்த்தபடி நின்றாள்.

"நீ ஏறலயா?" என்று கேட்டேன்.

"தம்பி பயந்துக்குவான்க்கா."

"தம்பியக் கேக்கல, உன்னத்தான் கேட்டேன்."

அவளுக்கு இந்தக் கேள்வி விளங்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "போன வருஷமும் வந்தோம். அப்ப இவன் இன்னும் சின்னப் பையன். அடுத்த வாட்டி ஏத்தறேன்னு அப்பா சொன்னாரு" என்றாள். பிறகு என் பக்கம் நகர்ந்து வந்து, ரகசியம்போல, "மேல போனா கோபுரம் நம்ம ஒசரத்துக்குத் தெரியுமாக்கா?" என்று கேட்டாள்.

இந்தப் பெண்ணை இன்றைக்கு அந்த ராட்டினத்தில் ஏற்றாமல் அனுப்பக்கூடாது என்று எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. "இவன நான் புடிச்சிக்கறேன், நீ ஓடிப் போய் ஒரு சுத்து சுத்திட்டு வா" என்றேன். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். தம்பியை யாரிடமும் விடக்கூடாது, அப்பா திட்டுவார் என்றாள். அந்த அப்பா அப்போது ராட்டினத்தில் ஏறி உட்கார்ந்து சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

மலைக்குப் பின்னால் வெயில் இறங்கியிருந்தது. ராட்டினத்தில் சீரியல் பல்புகளைப் போட்டார்கள். அவள் அண்ணாந்து பார்த்தாள். பனியனைப் பிடித்திருந்த விரல்கள் தாமாக விரிந்தன. மறுபடி குனிந்தபோது பையனைக் காணோம்.

அவள் அழவில்லை. மேஜைக்கு அடியில் பார்த்தாள், ஷெட்டைச் சுற்றி ஓடினாள், மூச்சு வாங்கத் திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கக்கா." எனக்குக் கேலியெல்லாம் மறந்துபோனது. சொல்லாமல் இருக்கவும் முடியாது. மஞ்சள் பனியன், சிவப்பு டவுசர் போட்ட மூன்று வயதுப் பையனைக் காணவில்லை என்று அறிவித்தேன். ராட்டினத்தின் உச்சியிலிருந்து ஓர் அலறல் கேட்டது. அம்மா அங்கேதான் இருந்தாள். மைதானம் முழுக்க அண்ணாந்து பார்த்தது. கொஞ்ச நேரம் எல்லாரும் மேலே இருந்த அம்மாவை வேடிக்கை பார்த்தார்களே தவிர, கீழே இருந்த பையனைத் தேடவில்லை.

பையன் பொம்மை ரயிலின் எஞ்சினில் உட்கார்ந்திருந்தான். இறங்கச் சொன்னதற்கு ரயில்காரரை உதைத்திருக்கிறான். அவர் அவனைக் குண்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு வந்து இறக்கவும், ராட்டினத்திலிருந்து இறங்கி அப்பாவும் அம்மாவும் ஓடிவரவும் சரியாக இருந்தது. அம்மா பையனை வாரி அணைத்துக்கொண்டாள். அப்பா நேராகப் பெண்ணிடம் வந்தார்.

"உன்ன நம்பித்தானடி உட்டுட்டுப் போனோம்!"

ஓர் அறை விழுந்தது. அடுத்ததற்குக் கை ஓங்குவதற்குள் நான் மைக்கைப் போட்டேன்.

"பொதுமக்கள் கவனத்துக்கு. மூன்று வயதுப் பையனைத் தொலைத்த குற்றவாளி பிடிபட்டுவிட்டார். வயது எட்டு. மூன்றாம் வகுப்பு படிக்கிறார். பையனைப் பெற்றவர்களுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர்கள் ராட்டினத்தில் இருந்தார்கள். தண்டனையை இப்போது அப்பா வழங்கிக்கொண்டிருக்கிறார். அனைவரும் ஷெட்டுக்கு வந்து கண்டுகளிக்கலாம்."

முதலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு பஜ்ஜிக் கடையிலிருந்து, "யோவ், கொழந்தயப் போட்டு ஏன்யா அடிக்கிற?" என்று ஒரு குரல். தொடர்ந்து நாலைந்து பேர் வந்து நின்றார்கள். ஓங்கிய கையால் அப்பா தலையைச் சொறிந்துகொண்டார்.

"அடிக்கலங்க, சும்மா மெரட்டனேன்" என்றார்.

"ரெண்டு வருஷமா ஏத்தறேன்னு சொல்லி ஏமாத்திட்டு, நீங்க மட்டும் ஏறிட்டு வந்து மெரட்டறீங்களா?" என்றேன். அதுவும் மைக்கில்தான் போயிற்று.

"இப்ப இன்னா, ராட்டினத்துல ஏத்தணும், அவ்ளோதானே? ஏத்திட்டாப் போச்சு" என்று கூட்டத்துக்குக் கேட்கும்படி சொன்னார். நல்ல அப்பா என்று பேர் வாங்க அவருக்கு அதைவிட எளிதான வழி இல்லை. எப்படியோ போகட்டும் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. "நெஜமாவாப்பா?" என்று கேட்டவள், அறை விழுந்த கன்னத்தைத் துடைத்துக்கொண்டு பாவாடையை நீவிவிட்டுக்கொண்டாள். ஷெட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு நானும் பின்னாலேயே போனேன். அவள் மேலே போவதைக் கண்ணால் பார்க்கவேண்டும்போல இருந்தது.

ராட்டினத்தின் தொட்டியில் ஏறி நடுவில் உட்கார்ந்தாள். இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ராட்டினக்காரர் கொக்கியை மாட்டப்போகும்போது அம்மா குறுக்கே கையை நீட்டினாள்.

"இருப்பா. ஏய், இவனையும் மடியில வெச்சிக்கோ. கொஞ்ச நேரம் எங்களுக்குக் கை ஓயட்டும்."

பையனைத் தூக்கி அவள் மடியில் வைத்தாள். கொக்கி மாட்டப்பட்டது. ராட்டினம் கிளம்பிவிட்டது. ஊரையே கூட்டிவைத்துப் பேசிய மைக் ஷெட்டில் கிடந்தது.

அவள் கம்பியை விட்டுவிட்டாள். இரண்டு கைகளும் தம்பியைச் சுற்றி இறுகியிருந்தன. அவன் உச்சந்தலையில் மோவாயை அழுத்திக்கொண்டு, கண்ணை மூடியபடி மேலே போனாள், கீழே வந்தாள், மறுபடியும் மேலே போனாள். கீழே அப்பாவும் அம்மாவும் ஒரு பெரிய டெல்லி அப்பளத்தை ஆளுக்குப் பாதியாக உடைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள்.

ராட்டினம் நின்றது. அவள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி, அம்மாவிடம் ஓடினாள். முகமெல்லாம் பெருமை.

"தம்பி அழவே இல்லம்மா!"

"மூக்கு ஒழுகுது பாரு, தொடச்சி வுடு" என்றாள் அம்மா.

அவள் பாவாடை நுனியைத் தூக்கித் துடைத்துவிட்டாள்.