கோரி ஆன்ட்டியின் காகித நாடா

மயில்சாமிக்கு ஒரு வழக்கம் உண்டு. தாராபுரத்தை விட்டு அமெரிக்காவில் வெஸ்ட் வின்ட்சருக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆனாலும், ஆயுத பூஜையன்று வேலைக்கு உதவும் பொருளுக்கெல்லாம் சந்தனம் வைத்தே தீர வேண்டும். லேப்டாப், கார், பனி அள்ளும் மண்வெட்டி என்று எல்லாவற்றுக்கும் வைத்தவர், இந்த வருடம் கோரி ஆன்ட்டியின் காகித நாடாச் சுருளுக்கும் பயபக்தியோடு ஒரு பொட்டு வைத்தார்.

கோரி ஆன்ட்டி மூன்று வீடு தள்ளி இருக்கும் நெதர்லாந்துக்காரர். வயது எண்பத்தாறு. அந்தக் காலத்தில் ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தில், பள்ளி முடித்த பெண்களை வரிசையாக உட்காரவைத்துக் கணக்குப் போடச் சொல்வார்கள். பதினெட்டு வயதில் அந்த வேலைக்குப் போனவர் அவர். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. காகித நாடாவில் துளைகளாகப் போட்ட புரோகிராமை அது படிக்கும். கடல் அலையின் உயரத்தைக் கணக்கிட கோரியும் ஒரு புரோகிராம் எழுதினார். வெளிவந்த கட்டுரையில் மேலதிகாரியின் பெயர்தான் இருந்தது. கோரி எழுதியதற்கு மிஞ்சிய ஒரே சாட்சி அந்தச் சுருள். அதைப் படித்துக் கொடுத்தால், நெதர்லாந்தில் ஒரு மியூசியம் அந்தப் புரோகிராமை அவர் பெயரிலேயே காட்சிக்கு வைப்பதாகச் சொல்லியிருந்தது. பழைய புரோகிராம்களைப் பராமரிப்பதே மயில்சாமியின் உத்தியோகம். "நான் பண்ணித் தரேன் ஆன்ட்டி" என்று வலியப் போய் வாங்கி வந்தார்.

விஜயதசமி காலையில் சுருளைப் பிரித்தபோதுதான் விபரீதம் புரிந்தது. பொட்டு வைத்தது சுருளின் பக்கவாட்டில். ஈரம் அடுக்கடுக்காக இறங்கி, ஒட்டிக் காய்ந்திருந்தது. மெல்ல இழுத்தார். கிழிந்தது.

"ஏனுங்க, அந்தக் காலத்துக் காயிதத்துல போயி ஈரச் சந்தனத்த அப்புவாங்களா? உங்களுக்கெல்லாம் யாரு வேல குடுத்தாங்க?" என்றாள் மனைவி புஷ்பவல்லி.

"சாமி மாதிரி நெனச்சுத்தான் வெச்சேன் புஷ்பா."

"நெனச்சது போதும். போய்ச் சொல்லிப்போடுங்க."

"சொல்லிக்கலாம் இரு."

சொல்லவில்லை. கிழிந்த இடத்தில் போனவை புரோகிராமின் பதினொரு கட்டளைகள். முன்னும் பின்னும் இருப்பதை வைத்து, நடுவில் என்ன வர வேண்டும் என்று அவரே யோசித்து நிரப்பினார். கணக்குச் சரியாக வந்தது. ஆனால், ரயில் ஸ்டேஷனுக்குப் போகும்போது கோரி ஆன்ட்டி வீட்டைத் தவிர்த்து வேறு தெருவில் சுற்றிப் போனார். ஒருநாள் வழியில் பார்த்து அவர் கேட்டுவிட்டபோது, "ஸ்கேனர் மக்கர் பண்ணுது ஆன்ட்டி" என்றார். சொன்ன வாய் கசந்தது.

சனிக்கிழமை காலை, அச்செடுத்த தாள்களையும் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு போனார். கோரி ஆன்ட்டி விரல் வைத்து வரிவரியாகப் படித்தார். நாலாவது தாளில் விரல் நின்றது.

"இது நான் எழுதினது இல்ல."

மயில்சாமி குனிந்து அந்தத் தாளைப் பார்த்தார்.

"இங்க நான் ஒரு குறுக்கு வழி போட்டிருந்தேன். பாஸ் பாத்துட்டுச் சிரிச்சார். 'இப்படியும் ஒரு பொண்ணு எழுதுவாளா'ன்னார். ஆனா அதுலதான் மெஷின் வேகமா ஓடுச்சு. இங்க இருக்கிறது எல்லாரும் எழுதுற மாதிரி இருக்கே?"

மயில்சாமி எல்லாவற்றையும் சொன்னார். பூஜை, சந்தனம், கிழிசல், ஸ்கேனர் பொய் வரை. பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அந்தக் குறுக்கு வழி ஞாபகம் இருக்கா ஆன்ட்டி? சொன்னா இப்பவே மாத்திடறேன்."

"இருபது வயசுல எழுதினது. ஞாபகம் இல்லாமதானே நாடாவ உன்கிட்ட குடுத்தேன்?"

கோரி ஆன்ட்டி அந்த நாலாவது தாளை அவர் பக்கம் தள்ளினார். பிறகு, "அந்தப் பதினொண்ணயும் எடுத்துடு. காலியா விடு. யாரால போச்சுன்னு கீழ எழுது" என்றார்.

மயில்சாமி லேப்டாப்பைத் திறந்து, தான் எழுதிய வரிகளை ஒவ்வொன்றாக அழித்தார். திட்டுவார் என்று காத்திருந்தார். திட்டினால் கொஞ்சம் இலேசாக இருக்கும். கோரி ஆன்ட்டி கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு திரையில் காலியான வரிகளை எண்ணிப் பார்த்தார்.

"பத்துதான் ஆச்சு. இன்னும் ஒண்ணு இருக்கு" என்றார்.