தண்ணீர் வந்த காலை

அடையாறில் ஒரு ஸ்கேன் சென்டரின் பின்புற அறை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, டாக்டர்கள் பேசிப் பதிவு செய்துவிட்டுப் போன அறிக்கைகளை எழுத்தாக்குவது அஃப்சருன்னிசாவின் வேலை. கல்லீரல் இயல்பாக இருக்கிறது, பித்தப்பையில் கல் இல்லை, இடது சிறுநீரகம் சற்றே வீங்கியிருக்கிறது. காலையிலிருந்து இதுதான். ஒரு வார்த்தை தெளிவாகக் கேட்கவில்லை என்றால் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்பாள். அந்த ஒரு வார்த்தையில் யாருடைய உயிரோ இருக்கும் அல்லவா?

மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்ததும் ஹெட்போன் கழலும், செல்போன் கைக்கு வரும். 'மாடவீதிக் கவிமுற்றம்' திறக்கும்.

மயிலாப்பூர்க்காரர்கள் சிலர் பொழுதுபோக்காக முகநூலில் தொடங்கிய குழு அது. இன்று யார் யாரோ எழுதுகிறார்கள். வங்கியில் இருப்பவர்கள், கல்யாணத்துக்குச் சமைப்பவர்கள், பேரன் வெளிநாட்டில் இருப்பதால் பேச ஆளில்லாதவர்கள். கவிதை விழுந்த மறு நிமிஷம் அடியில் 'அருமை', 'அருமையிலும் அருமை', 'வாழ்த்துகள் கவிஞரே' என்று வரிசை கட்டும். பாதிப் பேர் கவிதையைப் படித்தே இருக்கமாட்டார்கள்.

அஃப்சருன்னிசா அப்படி எழுதியதில்லை. எந்தக் கவிதையானாலும் அதிலிருந்து ஒரே ஒரு வரியை எடுத்து எழுதி, 'இது என்னோடு வீட்டுக்கு வருகிறது' என்பாள். அவ்வளவுதான். நாட்டைப் பற்றி ஒருவர் இரண்டு பக்கத்துக்கு முழங்கியிருந்தார். அத்தனையிலும் தேடி, 'கொடிக்கம்பத்து நிழலில் ஒரு நாய் தூங்குகிறது' என்ற வரியை எடுத்துக் கையில் கொடுத்தாள். எழுதியவருக்கே அப்படியொரு வரி எழுதியது நினைவில்லை. 'மறந்துபோன பாஸ்வேர்டைத் தேடினேன், உன் பெயராகத்தான் இருந்தது' என்று ஒரு கல்லூரிப் பெண் எழுதியபோது, சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மனிதர்களுக்குள் இப்படியெல்லாம் இருக்கிறதா! பஸ்ஸில் பக்கத்தில் நிற்கிறவர்கள், கியூவில் இடிக்கிறவர்கள், இவர்களுக்குள்ளா! அந்த ஆச்சரியம் அவளுக்கு ஒரு நாளும் பழசாகவில்லை.

வீட்டில் உருது, பள்ளிக்கூடத்தில் தமிழ் என்று வளர்ந்தவள். இந்த வருஷம் ஆண்டுப் போட்டிக்கு அவளையே நடுவராகப் போடலாம் என்று குழுவை நடத்தும் சுந்தரராமன் அறிவித்தபோது, 'உருது பேசுகிற அம்மாவா தமிழ்க் கவிதைக்கு நடுவர்?' என்று இரண்டொருவர் மூக்கைச் சுளிக்கத்தான் செய்தார்கள். அவள் அதைப் படித்துவிட்டுப் போனை வைத்துவிட்டாள். நெஞ்சுக்குள் மட்டும் ஒரு பயம் உட்கார்ந்துகொண்டது. தப்பாகத் தீர்ப்புச் சொல்லிவிடக்கூடாது.

கவிதைகள் பெயர் இல்லாமல், எண்ணோடு மட்டும் வந்தன. அவற்றில் ஒன்று ஐந்தே வரி.

நீ போன காலையில்
தண்ணீர் வந்தது.
வீடெல்லாம் தண்ணீர்.
நிறுத்தத் தெரிந்தவன்
நீ ஒருவன்தான்.

அஃப்சருன்னிசா படித்தாள். மறுபடி படித்தாள்.

சாயங்காலம் கணவர் அப்துல் சமத் ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து வந்ததும் அவருக்கு வாசித்துக் காட்டினாள். அவருக்கு அங்கே கார் சீட் கவர் தைக்கும் கடை. கவிதை வாசனையே இல்லாதவர். மனைவி எதை வாசித்தாலும் வாயில் பஜ்ஜியோடு "மாஷா அல்லா" என்பார். அன்றைக்கு அதைச் சொல்லவில்லை. பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்தார். பிறகு எழுந்து சமையலறைப் பக்கம் போனார்.

"இன்னாங்க, எங்க போறீங்க?"

"இல்ல... குழா மூடிக்கீதான்னு பாத்துட்டு வந்துடறேன்."

ஐந்து வரி ஒரு மனிதரை நாற்காலியிலிருந்து எழுப்பி நடக்க வைத்துவிட்டதே! இதற்கு மேல் என்ன தீர்ப்பு வேண்டும்?

முதல் பரிசு என்று எழுதினாள். கூடவே, வழக்கமில்லாத வழக்கமாக, ஒரு பாராட்டும் எழுதினாள்.

'அழுதேன் என்று இந்தக் கவிதை எங்கும் சொல்லவில்லை. தினமும் விடிந்ததும் மோட்டார் போட்டு, தொட்டி நிறைந்ததும் அணைத்த ஒரு கை. அப்படியொரு கை வீட்டில் இருந்ததே யாருக்கும் தெரியாது. அது போன அன்றுதான் தெரிகிறது, தண்ணீர் வழிகிறது. மனைவிக்குப் பதிலாக வீடு அழுகிறது.'

முடிவு வெளியானது. எழுதியவர் பெயர் தங்கபுஷ்பம், தி.நகர். 'அருமை'கள் குவிந்தன. அவற்றின் நடுவே வெற்றி பெற்றவரின் பதிலும் வந்து விழுந்தது.

'மேடம் மன்னிக்கவும். அது தண்ணீர் இல்லை. கண்ணீர். எனக்கு டைப் பண்ண வராது. வாயால் சொல்லி எழுதினேன். கடையில் ஒரே சத்தம். போன் தப்பாக எழுதிவிட்டது. ரெண்டு இடத்திலும் கண்ணீர் என்று மாற்றிவிடவும்.'

பிறகு கேட்கவா வேண்டும்! 'அப்போ வழிந்தது தொட்டி இல்லையா?' என்றார் ஒருவர். 'குழாயடி நடுவர் வாழ்க' என்றார் இன்னொருவர். சிரிக்கும் முகங்கள் மேலும் கீழும் ஓடின.

மறுநாள் சென்டரில் ஸ்கேன் அறை உதவியாளர் முருகன் கதவோரம் வந்து நின்றான். "இன்னாக்கா, தண்ணியா கண்ணியான்னு குரூப்ல செம காமெடியா போய்க்கினு கீது? வுடுக்கா. நம்ம ஊர்ல ரெண்டுமே கேக்காமதான் வருது."

அஃப்சருன்னிசாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வார்த்தை சரியாகக் கேட்காவிட்டால் ஓட்டி ஓட்டிக் கேட்கிறவள், இதைச் சந்தேகப்படவே இல்லையே!

சுந்தரராமன் போன் செய்தார். நல்ல மனிதர்தான். ஆனால் குழுவின் பெயர் கெட்டால் அவருக்கு ராத்திரி தூக்கம் வராது. "பாத்தேளா மேடம்? ஊரே சிரிக்கறது. எங்காத்துல மாட்டுப்பொண்ணு காபி ஆத்திண்டே சொல்றா, 'உங்க நடுவர் போனுக்குப் பரிசு குடுத்துட்டார்'ங்கறா. எனக்கு மூஞ்சிய எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல."

"தப்பு என்னுதுதான் சார்."

"தப்பு யாருதோ. நான் கேக்கறது ஒண்ணுதான். கண்ணீர்னு மாத்தினா அது பரிசுக்குத் தேறுமா? மனசத் தொட்டுச் சொல்லுங்கோ."

அவள் மனதைத் தொட்டாள். 'கண்ணீர் வந்தது. வீடெல்லாம் கண்ணீர்.' வாரத்துக்கு நாற்பது முறை அந்தக் குழுவில் வருகிற வரி அது. எந்த நாற்காலியிலிருந்தும் யாரையும் எழுப்பாது.

"தேறாது சார்."

"அவ்ளோதான். ரெண்டாவதா வந்தத முதல்னு போட்டுடறேன். நாளைக்குச் சான்றிதழ் போடணும்."

"சாயங்காலம் வரைக்கும் பொறுங்க சார். அந்தம்மாவை ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்."

அவரிடமே விலாசம் வாங்கிக்கொண்டு, அரை நாள் லீவு சொல்லிவிட்டுத் தி.நகருக்குப் பஸ் ஏறினாள். என்ன கேட்கப் போகிறாள்? 'தண்ணீர் என்றே இருக்கட்டும்' என்று கேட்கப் போகிறாள். கவிதைக்காகவா, தன் மானத்துக்காகவா? வழியெல்லாம் தன்னையே கேட்டுக்கொண்டாள். பதில் அவ்வளவு சுத்தமாக வரவில்லை.

ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்தில் ஒரு மேட்சிங் பிளவுஸ் கடை. ஆள் இரண்டு கையை விரித்தால் சுவர் இடிக்கும். ஆனால் உலகத்தில் உள்ள எல்லா நிறமும் அங்கே அடுக்கியிருந்தது. சுவரில் மாலை போட்ட படத்தில் சிரித்த முகத்தோடு ஒருவர். 'ஜவஹர்' என்று கீழே எழுதியிருந்தது. வெளியே ஒலிபெருக்கி, விசில், 'எத எடுத்தாலும்' என்ற கூவல். இந்தச் சத்தத்தில் போனுக்கு எதுதான் கேட்கும்!

துணி கிழித்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள்.

"தங்கபுஷ்பம் நீங்கதானே? நான் அஃப்சருன்னிசா."

கத்தரிக்கோல் கீழே விழுந்தது. "ஐயோ, மேடமா! நீங்க எதுக்கு இம்புட்டுத் தூரம்... என்னால ஒங்களுக்குக் கெட்ட பேராயிட்டே! சும்மா இருந்திருக்கலாம். அந்தப் பரிசே எனக்கு வேண்டாம் மேடம். கண்ணீர்னு மட்டும் மாத்தித் தந்துருங்க."

பரிசு வேண்டாம், வார்த்தை வேண்டும் என்கிறாளே! அஃப்சருன்னிசா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஏன் அந்த ஒரு வார்த்தை மேல இவ்ளோ பிடிவாதம்?"

தங்கபுஷ்பம் குனிந்து கத்தரிக்கோலை எடுத்து வைத்தாள். ஒரு பச்சைத் துணியைப் பிரித்தாள். மடித்தாள். மறுபடி பிரித்தாள்.

"அவுக போன அன்னைக்கு நான் அழலை மேடம்."

வெளியே விசில் ஊதியது.

"வரலை. கல்லு மாதிரி உக்காந்துட்டேன். ஊர்லேருந்து எல்லாரும் வந்து கட்டிப்பிடிச்சு அழுதாக. எனக்கு ஒரு பொட்டு வரலை. அவுக அக்கா, எங்க மைனி, கூட்டத்துல வச்சே சொல்லிட்டாக. 'எந்தம்பி செத்துக் கெடக்கான், இவ கண்ணு நனையலையே'ன்னு. பதினாறு வரைக்கும் அதே பேச்சு. இன்னைக்கு வரைக்கும் அதான் பேச்சு. இந்தக் குரூப்புல எங்க ஊர்க்காரவுக நெறய பேரு இருக்காக, மைனி மகளும் இருக்கா. அவளாவது படிச்சுச் சொல்லட்டும், தங்கபுஷ்பத்துக்கும் கண்ணீர் வந்துச்சுன்னு... அதுக்குத்தான் எழுதினேன். இருக்கையில அவுகளை 'நீங்க'ன்னுதான் கூப்பிடுவேன். கவிதைன்னு 'நீ' போட்டேன். அப்படியே கண்ணீரும் போட்டேன். ரெண்டும் பொய்யிதான்."

அஃப்சருன்னிசா ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள். கேட்க வந்ததெல்லாம் எங்கோ போயிற்று. கேவலம், நாலு பேர் சிரித்ததற்காகத் தான் பஸ் ஏறி வந்தோமே! இங்கே ஒருத்தி, தன் மேல் விழுந்த பழியைத் துடைக்க ஒரே ஒரு வார்த்தையை நம்பிக்கொண்டு நிற்கிறாள்.

அவள் கையை நீட்டினாள். "போனைக் குடுங்க. நான் டைப் பண்றவதான். ஒரு எழுத்து. 'த'வை எடுத்துட்டு 'க' போடணும், அவ்ளோதான். நானே மாத்தித் தர்றேன். கீழயே எழுதிடறேன், நடுவருக்குத்தான் சரியாப் படிக்கத் தெரியலைன்னு."

தங்கபுஷ்பம் போனைக் கொடுத்தாள். அஃப்சருன்னிசா, அவள் பெயரில் குழுவில் போட்டிருந்த கவிதையைத் திறந்து, எழுத்தின் மேல் விரலை வைத்தாள்.

"மாத்தட்டுமா?"

நிமிர்ந்து பார்த்தாள். தங்கபுஷ்பத்தின் கண்கள் சுவரில் இருந்த படத்தின் மேல் நின்றிருந்தன.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா?" மேடம் எப்போது அக்கா ஆனாள் என்று இருவருக்குமே தெரியவில்லை. "நீங்க எழுதினீகள்ல, மோட்டார் போடுத கைன்னு. அது எப்படி ஒங்களுக்குத் தெரியும்? எங்க பிளாட்டுல மோட்டார் போடுததும் அணைக்கிததும் அவுகதான். அஞ்சு மணிக்கு எந்திரிச்சிருவாக. நான் ஒரு நாளும் கண்டுக்கிட்டதில்ல."

"எனக்குத் தெரியாதும்மா. கவிதையில இருந்ததைத்தான் எழுதினேன்."

"கவிதையில நான் அதை எழுதவே இல்லியே!" அவள் பச்சைத் துணியைக் கீழே வைத்தாள். "அதைப் படிச்சதுலேருந்து எனக்கு ஒரு சத்தம் கேக்குதுக்கா. அன்னைக்குக் காலையில, அவுகளை நடுவீட்டுல கிடத்தியிருக்கு, சன்னலுக்கு வெளிய மேல்தொட்டி நெறஞ்சு தண்ணி ஊத்துது. ஊத்திக்கிட்டே இருக்கு. 'அவுகள எந்திரிக்கச் சொல்லணும்'னு நான் நெனச்சுக்கிட்டு இருக்கேன். நெசமாவே அன்னைக்கு அப்படி ஊத்துச்சா, இல்ல நீங்க எழுதினதைப் படிச்சப் பொறவு எனக்கு அப்படித் தோணுதான்னு சொல்லத் தெரியலை. ஆனா கேக்குது."

அஃப்சருன்னிசா கையிலிருந்த போனைப் பார்த்தாள். ஒரு போன் தவறாகக் கேட்டது. அதை நம்பி எங்கோ அடையாறில் ஒருத்தி எதையோ எழுதினாள். அது கடலில் விழுந்த ஊசியாகப் போகாமல், முகம் பார்த்திராத இன்னொருத்தியின் வீட்டுக்குள் நேராகப் போய், அவள் புருஷன் படுத்திருந்த அந்தக் காலையின் கதவைத் திறந்துவிட்டதே! இதை யார் எழுதினார்கள்? யார் படித்தார்கள்? அவளுக்குப் பயமாகக்கூட இருந்தது, தொழுகையில் சில நேரம் வருகிற பயம் போல.

தங்கபுஷ்பம் மெல்ல, மிக மெல்ல, எழுத்தின் மேலிருந்த அவள் விரலை எடுத்து நகர்த்தினாள்.

"வேண்டாம்க்கா. இருக்கட்டும்."

"உங்க மைனி?"

"கேட்டா சொல்லிக்கிடுதேன். எனக்கு வந்தது தண்ணிதான் மைனி, நிறுத்தத் தெரியலைன்னு. நம்புனா நம்பட்டும்."

போனை வாங்கி வாயருகே வைத்துக்கொண்டாள். ஒலிபெருக்கியை மீறி, ஊருக்கே கேட்கும்படி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "தண்ணீர்தான் சரி. நான் மாற்றச் சொன்னதுதான் தவறு. அப்படியே இருக்கட்டும்." போன் இந்தத் தடவை ஒரு எழுத்தும் பிசகாமல் எழுதியது. குழுவில் அனுப்பினாள்.

அனுப்பிவிட்டு நின்றவளுக்கு முதலில் உதடு துடித்தது. பிறகு தோள். அவள் முகத்தை மூடவில்லை. இத்தனை மாதமும் வராதது, கேட்காமலே, கன்னம் வழியாக இறங்கித் தோளில் கிடந்த அளவு டேப்பை நனைத்தது. அஃப்சருன்னிசா எழுந்து அவள் முதுகில் கை வைத்துக்கொண்டாள். சொல்ல ஒரு வரி தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை.

கடை வாசலில் ஒரு பெண் புடவையை விரித்துப் பிடித்தபடி வந்து நின்றாள். "அக்கா, இந்த மயில்கழுத்துக்கு மேட்சிங்..." என்று ஆரம்பித்து, பயந்து நிறுத்தினாள். "அக்கா, அழுறீங்களா?"

"ஆமாம்மா, அழுதேன்" என்றாள் தங்கபுஷ்பம். மூக்கை உறிஞ்சிக்கொண்டு மேல்தட்டுக்குக் கையை நீட்டினாள். "ஒனக்கு ஒரு மீட்டரா, எம்பது சென்டியா?"